முதுகுப் பக்கம்

கடைசிப் படகும் போன பிறகுதான் வந்தார்
நிபால்தோ மில்யாகுரா.
சிப்பிக் கயிறு இழுத்துக் காய்த்த கை
நெஞ்சைத் தொடவே கூச்சப்பட்டது.
"வாயுதான் எல்சிரா.
விருந்தில் பன்றிக்கறி கொஞ்சம் கூடிப்போச்சு."
வாயுவுக்கு
சட்டைக் காலர் இப்படி நனையாது.
அன்று மழையும் இல்லை,
எங்கள் சிலோயேவில் அது அபூர்வம்.

கை கால்களுக்கு நாலு வில்லை,
மார்புக்கு ஆறு.
கணப்பில் விறகு சடசடக்க
கட்டம் போட்ட இளஞ்சிவப்புத் தாளை
இயந்திரம் மெல்லத் துப்பியது.

ஏறியிருந்தால் யாருக்கும் தெரியும்.
நடுகல் மாதிரி
தோளை உயர்த்தி நிற்கும் கோடு.
இது ஏறவில்லை.
மார்பின் முதல் மூன்று தடங்களில்
தாழ்ந்து கிடந்தது,
ஆள் எழுந்துபோன மெத்தையாக.

போனில், புவேர்ட்டோ மொந்த்திலிருந்து
டாக்டர் இரிபாரென்:
"இறக்கம்தானே.
கட்டியைக் கரைக்கிற ஊசி இதற்கில்லை.
ஆஸ்பிரின் கொடுத்தாச்சா?
விடியட்டும், படகு வரும்."

விடியட்டும்.
ஜூன் மாதத்தில் எங்களுக்கு
எட்டரைக்குத்தான் விடியும்.

என்னை உறுத்தியது அந்த நெட்டைக் கோடு.
இரண்டாம் தடத்தில்
அதற்கு அவ்வளவு உயரம் ஏது?
ஆறு வில்லையும் முன்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.
வீட்டின் பின்கட்டில் தீப்பிடித்தால்
வாசலில் நிற்பவளுக்கு
என்ன தெரியும்?

தாளைக் கிழித்தேன்.
தலைகீழாக்கி, மறுபுறம் திருப்பி
மேஜை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வெளிச்சம் ஊடுருவிய தாளில்
எழுந்து நின்றது நடுகல்.

"புரண்டு படுங்க."
"முதுகுல வலின்னு நான் சொல்லவே இல்லியே."
வியர்வை, ரோமம், கடல் உப்பு.
எதுவும் ஒட்டாது.
அக்குளிலிருந்து முதுகெலும்பு வரை
ரேசரால் ஓர் ஒற்றையடிப் பாதை போட்டு
மூன்று வில்லை வைத்தேன்.

அரை மில்லிமீட்டர்.
சின்னக் கட்டத்தில் பாதி.
முதுகுப் பக்கம்
அவ்வளவு ஏறினால் போதும்.

படம் எடுத்து அனுப்பினேன்.
டாக்டர் பேசவில்லை.
கடிகாரத்தில் எட்டு விநாடி,
நிபால்தோவின் நாடியில் பதினொன்று.
பிறகு கேட்டார்: "எடை என்ன?"

எடைக்கருவி மார்ச்சிலிருந்தே பழுது.
"பன்றி நிறுத்த அன்னிக்கு
நானும் ஏறி நின்னேன். எண்பத்தாறு.
பூட்ஸோட."
பூட்ஸைக் கழித்தேன்.
தலையில் அடி? இல்லை.
மலத்தில் ரத்தம்? இல்லை.
பக்கவாதம்?
"எங்கப்பாவுக்கு."
உங்களுக்கு, நிபால்தோ, உங்களுக்கு.

இரண்டு பதினேழுக்கு ஊசி ஏறியது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க
திரையில் துடிப்புகள் அகன்றன,
குடித்தவன் வீடு திரும்புகிற நடையில்
ஒவ்வொன்றாக வந்தன.
என் கை ஷாக் கருவிக்குப் போய்விட்டது.
"தொடாதே" என்றார் டாக்டர்.
"அடைத்த கதவு திறக்கும்போது
சில சமயம் இப்படித்தான் கிறீச்சிடும்."

நான் நம்பவில்லை.
கருவியில் கை வைத்தபடியே நின்றேன்.
ஒரு நிமிடத்தில் தானே நேரானது.

மூன்றரைக்கு எடுத்த தாளில்
பள்ளம் பாதிக்குமேல் தூர்ந்திருந்தது.
"பாத்தியா, வாயு போயிருச்சு" என்றார்.

ஆகஸ்டில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு வந்தார்,
ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட்டோடு.
மறுபடி இ.சி.ஜி. எடுத்தேன்.
தாழ்ந்தது சமனாகியிருந்தது.
நெட்டைக் கோடு மட்டும் அங்கேயே நின்றது.
செத்த தசைக்கு அதுதான் அடையாளம்,
இனி அது குட்டையாகாது.
சொல்லலாமா என்று யோசிக்கையில்
அவர் முந்திக்கொண்டார்:

"ஸ்டென்ட் வச்சது தெரியவே இல்ல.
நீ மழிச்சியே, முதுகுல,
அந்த இடந்தான் ராத்திரியெல்லாம் அரிக்குது.
கை எட்டாத இடம் வேற."